கையெழுத்திட்ட இரண்டு தாள்கள்

அனப்தா,
12 பிப்ரவரி 2004

என் அன்பு வஜீஹ்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. ஒரு முடிவை எடுப்பதும் கைவிடுவதுமாகவே பொழுது போயிற்று. அம்மான் விடுதியில் நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் நீ. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இன்னொருமுறை பார்க்கக் கேட்பேனே, அந்த ஆள்தான் இன்னும்.

எங்கள் வாதி ஷயீர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பு! முதுகலை முடித்த பிள்ளைகளை வெளிநாட்டுக்கு வழியனுப்பியே எனக்கு அறுபத்துமூன்று வயதாகிவிட்டது. நாம் தொலைபேசியில் பேசியதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. பட்டம் இரண்டு பல்கலைக்கழகங்களின் முத்திரையோடும் வரும். நான்கு மாணவர்களும் எங்கள் பிள்ளைகள். இங்கேயே ஆய்வு செய்வார்கள், ஆறு மாதம் மட்டும் நெதர்லாந்தில் உன்னிடம் படிப்பார்கள். நைட்ரேட் அளக்கும் கருவி எங்கள் ஆய்வகத்துக்கு வரும். பதினோரு வருடமாக அறுபது கிணறுகளில் நாங்கள் எடுத்த அளவுகளை வைத்துத்தானே இந்தத் திட்டமே.

இனி அந்த முடிவு. போன வருடம் ராணுவம் சாலையை இருபத்துமூன்று நாள் மூடிவிட்டது. நான் துறைக்குப் போக முடியாமல், என் கையெழுத்து இல்லாமல் தேர்வு முடிவுகள் கிடந்தன. அதிலிருந்து எங்கள் துறைத்தலைவர்கள் எல்லோரும் வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு அலுவலக மேசையில் வைத்துவிடுகிறோம். எவரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மார்ச் 31. திட்டத்துக்குப் பணம் தரும் நிதிக்குழு மூலக் கையெழுத்து கேட்கிறது. அந்தச் சமயத்தில் சோதனைச்சாவடி திறந்திருக்குமா என்று யார் சொல்வது? ஆகவே முத்திரையிட்ட இரண்டு தாள்களில் கையெழுத்திட்டு, அம்மான் போகிற ஒருவர் மூலம் அனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் சேர்ப்பார். நாம் பேசியதை அதில் அச்சிட்டுக்கொள்.

உம்மு நிமர் சிரிக்கிறாள். "நம்ம கல்யாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடவே அரைமணி நேரம் யோசிச்சீங்க. அவருக்கு மட்டும் வெறுந்தாள்லயா?"

நஜ்லா நினைவிருக்கிறதா? கிணற்று மாதிரிகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு சாவடியைச் சுற்றி வந்த எங்கள் மாணவி. இர்பித் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை இந்தப் படிப்புக்காக வேண்டாமென்று எழுதிவிட்டாள். அவசரப்படாதே என்றேன், கேட்கவில்லை.

உன்,
ஜவ்தத்

*

உத்ரெக்ட்,
5 ஏப்ரல் 2004

என் உயிர் ஜவ்தத்,

விண்ணப்பம் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. உன் தாள்கள் உயிரைக் காப்பாற்றின. இங்கே ஒரு பூனைக்குட்டி வேண்டுமென்றாலும் மூன்று பேர் கையெழுத்து வேண்டும், நீ ஞானி!

சில இடங்களில் வார்த்தைகளைக் கொஞ்சம் சீர்செய்தேன். மதிப்பீட்டாளர்களின் மொழி தனி மொழி, உனக்கு அந்தத் தலைவலி வேண்டாம். உம்மு நிமரின் ஸஃதர் இலைத்தூள் தூவிய ரொட்டிக்காக ஏங்குகிறேன் என்று சொல்.

உன்,
வஜீஹ்

*

அனப்தா,
11 செப்டம்பர் 2004

அன்பு வஜீஹ்,

நிதிக்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று கேட்டதும் துறையில் குனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். நேற்று அச்சிட்ட ஆவணம் வந்தது. நான்கு முறை படித்தேன். என் ஆங்கிலத்தின்மேல் சந்தேகம் வந்து அகராதியும் எடுத்துப் பார்த்தேன்.

அதில் பட்டம் உங்கள் பல்கலைக்கழகத்துடையது மட்டும். நான்கு இடங்களும் உங்கள் மாணவர்களுக்கு. கருவி உங்களிடம். எங்கள் பெயர் பதினான்காம் பக்கத்தில், "மாதிரி சேகரிக்கும் இடம்" என்ற தலைப்பில் இருக்கிறது. பதினோரு வருட அளவுகளையும் டிசம்பருக்குள் உங்களுக்கு ஒப்படைக்க வேண்டுமாம். பின்னிணைப்பில் எங்கள் முத்திரைத் தாளில் ஒரு கடிதம்: "முனைவர் ஆய்வை வழிநடத்தும் தகுதி எங்கள் துறைக்கு இல்லை, இந்த ஏற்பாட்டை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்." கீழே என் கையெழுத்து.

நஜ்லா அந்தப் பக்கத்தோடு அறைக்கு வந்தாள்.

"உஸ்தாத், இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதாம்மா."

"அப்ப எங்களுக்குத் தகுதி இல்லன்னு நீங்கதான் எழுதினீங்களா? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா இர்பிதுக்காவது போயிருப்பேனே!"

வெற்றுத் தாள் விஷயத்தை அவளிடம் மறைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கதவைச் சாத்தக்கூட இல்லை, போய்விட்டாள்.

ஏதோ பழைய வரைவு தவறிப் போய்ச் சேர்ந்துவிட்டது, அப்படித்தானே? உன் வீட்டுக்கு இரண்டு முறை பேசினேன், நீ இல்லை என்றார்கள். ஒரு வரி எழுது.

ஜவ்தத்

*

உத்ரெக்ட்,
4 அக்டோபர் 2004

அன்பு ஜவ்தத்,

தவறு எதுவும் நடக்கவில்லை. உன் வடிவத்தில் அனுப்பியிருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார்கள். முனைவர் பட்டமே கொடுத்திராத ஒரு துறையை யார் நம்புவார்கள்? உன்னைக் கேட்டால் ஒரு மாதம் யோசிப்பாய், கெடு போய்விடும். இது முதல் படி. ஐந்து வருடத்தில் அடுத்ததைப் பார்ப்போம். நஜ்லாவைக் களப்பணி உதவியாளராக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இங்கே என் நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும். ஓய்வு வயதுக்குப் பிறகும் என் பதவி நீடிப்பது இந்தத் திட்டத்தில்தான் இருந்தது.

நிதிக்குழுவுக்கு எதுவும் எழுதிவிடாதே, உன் நல்லதுக்காகச் சொல்கிறேன். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டேன் என்று ஒரு துறைத்தலைவர் சொன்னால் அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தானே இருக்கிறது.

என்றும் உன்,
வஜீஹ்

*

அனப்தா,
24 அக்டோபர் 2004

பேராசிரியர் வஜீஹ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நோன்பின் மூன்றாம் நாள் வந்தது. மறுநாளே துணைவேந்தரைப் பார்த்தேன்.

"வெறுந்தாள்லயா போட்டுக் குடுத்தீங்க? நீங்களா? காபி ரசீதையே ரெண்டு தடவை படிக்கிற ஆளாச்சே!" என்றார்.

"ஆமா. நாந்தான்."

"ஏன்யா?"

"நாப்பது வருஷ சிநேகிதம்" என்றேன்.

நிதிக்குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, உங்கள் ஏப்ரல், அக்டோபர் கடிதங்களின் நகல்களையும் வைத்து மறுநாளே தொலைநகலில் அனுப்பிவிட்டேன். விசாரணை முடியும்வரை திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து விலகினேன். விலகச் சொல்வதற்கு முன்பே விலகியதாகத்தான் நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை.

நஜ்லாவிடமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிக்கிறது இருக்கட்டும் உஸ்தாத். எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள். "அந்த அளவுகளை அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. டிசம்பர்வரைக்கும் தவணை இருந்துச்சு."

"அப்ப குடுங்க இங்க."

பதினோரு பதிவேடுகளையும் தூக்கிக்கொண்டு போனாள். தன் பெயரிலும் மற்ற மூவர் பெயரிலும் கட்டுரை எழுதப் போகிறாளாம். என் பெயர் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சரி என்றேன். இர்பிதில் இந்த வருடம் இடமில்லை. அடுத்த வருடமும் சொல்வதற்கில்லை. பட்டம் இன்னும் எவருக்கும் இல்லை. இதில் எனக்குள்ள பங்கை நான் குறைத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேன். ஒரு மாதம் யோசித்து, இரண்டு நாள் தூங்காமல் கிடந்து, கடைசியில் "நீ சொன்னால் சரி" என்று எழுதியிருப்பேன். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்கிற சிரமம்கூட வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்களே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஜவ்தத் ஸர்வான்
விரிவுரையாளர், நீரியல் துறை
வாதி ஷயீர் பல்கலைக்கழகம்