அது தூசி இல்லை, மாப்ளே

என் அன்பு மாப்ளே காதர்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உன் மேல் எனக்குப் பொறாமைதான். செத்தவன் மேல் என்னடா பொறாமை என்று ஊரார் கேட்கலாம். கேட்கட்டும்.

பேகம்பூரில் உன் வீட்டு மொட்டை மாடி. சூரியனைப் பார்ப்பதற்கென்றே நீ வாங்கிய சின்னத் தொலைநோக்கி, அதன் பின்னால் கேமரா. சூரியனின் விளிம்பில் எழும் நெருப்புக் கொழுந்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை படம் பிடிப்போம். அது வளைவதையும் கிழிவதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சூரியன் நகர நகர, தொலைநோக்கியின் குமிழைக் கையால் திருப்ப வேண்டும்.

அன்றைக்கு, "செத்த நேரம் பாத்துக்கோ, டீ குடிச்சிட்டு வாரேன்" என்று இறங்கியவன் நான்தான். டீக்கடையில் பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் நீ மாடியில் குதித்துக்கொண்டிருந்தாய்.

"மச்சான், பிச்சுக்கிட்டுப் போயிருச்சுலே! மொத்தமா மேல எந்திரிச்சுப் போயிருச்சு!"

படங்களைப் பார்த்தேன். விளிம்பை விட்டுக் கழன்று, இரண்டாகப் பிளந்து, மேலே போய்க்கொண்டிருந்தது கொழுந்து. ஆறு வருடமாக நான் காத்திருந்த காட்சி. என் வயிறு பற்றி எரிந்தது.

"அட போலே, இது கேமரா சென்சார்ல ஒட்டுன தூசி. நீ குமிழைத் திருப்பையில சூரியன் நகந்திருக்கு, தூசி நின்ன எடத்துலயே நின்னுருக்கு. அம்புட்டுதான்."

தூசி பிளக்காது, வளையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் இருபத்தைந்து வருடம் கல்யாண போட்டோ எடுத்தவன். நீ மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைக்காரன். நம்பிவிட்டாய். மறுநாளே கேமராவைத் திறந்து, கடையில் கார்புரேட்டர் துடைக்கிற துணியால் சென்சாரைத் துடைத்தாய். குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அதற்குப் பிறகு நீ எடுத்த எல்லாப் படத்திலும் அந்தக் கோடு. "உன் பேச்சைக் கேட்டுச் சுத்தம் பண்ணேன் மச்சான், இப்படி ஆயிப்போச்சு" என்று சிரித்தாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

நீ போன பிறகு உன் மனைவி, என் தங்கச்சி, எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டது. "சும்மா கெடந்தா லென்ஸ் பூசணம் பூத்துப் போகும்ணே, நீங்க வச்சு எடுங்க" என்றது. லேப்டாப்பில் அந்தப் படங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் போட்டு வைத்த ஃபோல்டருக்கு நீ வைத்த பெயர், 'தூசி'. தூசி என்றால் ஏன் மாப்ளே அழிக்காமல் வைத்திருந்தாய்? உனக்கும் தெரியுமா?

போன மாதம் உன் கேமராவில் எனக்கும் ஒன்று வாய்த்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன், டீக்குக்கூடப் போகவில்லை. உன்னுடையதைவிடப் பெரிய கொழுந்து, கண் முன்னே கழன்று எழுந்தது. இதைப் பார்த்தால் காதர் வயிறு எரிவான் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அப்படியே மாடியில் உட்கார்ந்து அழுதேன்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தங்கச்சியிடம் காட்டினேன். குறுக்கே ஓடும் கோட்டைப் பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. "இது அவுக எடுத்ததுதானேண்ணே? இந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா?" என்றது. திருத்தாமல் பிரிண்டை அதன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது உன் வீட்டு முன் அறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன். அந்தக் கோடு யாரால் விழுந்தது என்று தங்கச்சியிடம் சொல்வேன். தூசி என்று நான் சொன்ன உன் படத்தை அதே அளவில் பிரிண்ட் போட்டு, கையோடு கொண்டுபோய் என் கையாலேயே மாட்டுவேன். இது சத்தியம்.

என் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அது நான் எடுத்தது மாப்ளே. அதையும் உனக்கு விட்டுத் தர முடியாது.

இன்னும் வயிறு எரியும்
உன் மச்சான்
ஆரோக்கியம்