எல்லாம் நார்மல்

மே 6

கால் வீங்கிவிட்டது, செருப்பு ஏறவில்லை. ஆய்வகத்தில் என் நாற்காலிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியைப் போட்டுக் கால் நீட்ட இடம் செய்து தந்தது சிடுமூஞ்சி. சேர்ந்த நாளிலிருந்து சிரித்தே பார்த்திராத சீனியர். "பொட்டி நசுங்கினா நீதான் வேற கொண்டு வரணும்" என்றார். அவருக்கு அதுதான் பாசம்.

எட்டாம் மாதம் முடியப் போகிறவர்களுக்கு எடுக்கும் பரிசோதனையை இன்று எனக்கும் எடுத்தார்கள். எத்தனை பெண்களின் மாதிரியை ரத்தம் கலந்த தட்டில் தேய்த்துக் கிருமி வளர்த்திருப்பேன்! சொந்த மாதிரியைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. சிடுமூஞ்சிதான் தேய்த்தார்.

மே 8

"வந்து பாரு" என்றார் சிடுமூஞ்சி. பார்த்தேன். சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ரத்தம் கரைந்து தெளிந்த வளையம். பெயர் சொல்லத் தேவையில்லை, தினமும் பார்க்கிற முகம்.

பயப்பட ஒன்றுமில்லை. நாலைந்து பெண்களில் ஒருத்தியின் உடம்பில் வாடகை தராமல் குடியிருக்கும் கிருமி. அவளை ஒன்றும் செய்யாது. பிரசவத்தின்போது பிள்ளைக்குப் போனால்தான் வம்பு, அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. இப்போது மாத்திரை போட்டு விரட்டினால் திரும்பி வந்துவிடும். வலி தொடங்கியதும் நரம்பில் பென்சிலின் ஏற்ற வேண்டும். பிள்ளை வருவதற்கு நான்கு மணி நேரமாவது முன்னால் ஏறியிருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்பார், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்றார்.

மே 9

யார்கிட்ட இருந்து வந்துச்சாம்!

மே 14

அவருக்குப் படம் போட்டு விளக்கினேன். இது அந்த மாதிரி நோய் இல்லை, யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. தலையை ஆட்டினார். பிறகு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. கிருமின்னாலே அசிங்கம்னு நினைப்பாங்க" என்றார்.

புதுசா என்ன நினைக்கப் போகிறார்கள்? வேலையிலிருந்து வந்து நான் திறந்த குழாயை மாமியார் சோப்பு போட்டுக் கழுவுகிறார். என் துணிக்குத் தனி வாளி. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான், என் ஆய்வகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முடிவை அங்கே நாங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

"வலியில எனக்குப் பேச வாய் வருமோ வராதோ. நீங்க மறக்காம சொல்லிடுங்க" என்றேன்.

"நான் பாத்துக்கறேன்."

ஜூன் 2

பிள்ளை பிறந்துவிட்டான். ஆண். முழு எடை, நல்ல அழுகை.

ஆனால் எழுதியாக வேண்டும். காலையில் பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். விவரம் சொல்ல அவரும் மாமியாரும் மேஜைக்குப் போனார்கள். என்னைப் படுக்க வைத்தார்கள், கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியதைப் பார்த்து, அப்பாடா, பென்சிலின் ஏறுகிறது என்று கண்ணை மூடினேன். தட்டில் ஒரு புள்ளியைக்கூட விடாத நான், தலைக்கு மேல் தொங்கிய பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. அது வெறும் உப்பு நீர்.

மதியத்துக்கு மேல், வலி விட்ட ஒரு மூச்சில், "அடுத்த பென்சிலின் எப்ப சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போனது. "பென்சிலினா? எதுக்கு? உங்க வீட்டுக்காரர்கிட்ட தொற்று எதாவது உண்டான்னு கேட்டேனே. எல்லாம் நார்மல்னாரே!"

ஓடிப் போய்க் கொண்டுவந்து போட்டாள். மருந்து ஏறி முடிந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை வந்துவிட்டான்.

நான் கொடுத்திருந்த முடிவுக் காகிதம் எங்கே என்று அவரைக் கேட்டேன். அம்மா கண்ணில் படாமலிருக்க அலுவலகத்தில் வைத்திருக்கிறாராம். வாயால் சொல்லியிருக்கலாமே?

"அம்மா பக்கத்துல இருந்தாங்க."

ஜூன் 3

முனகுகிறான். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறான். பால் இழுக்கவில்லை. உடம்பு சில்லென்று — தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கை சும்மா இருக்கிறது.

ஜூன் 5

ரத்தத்தில் அதே கிருமி. முதுகுத் தண்டு நீரிலும். மூளைச் சவ்வு வரை போய்விட்டது என்றார் குழந்தை மருத்துவர். நான் அழவில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று கேட்டுக்கொண்டேன். "நீங்க இந்தத் துறையா?" என்றார். ஆமாம். இந்தத் துறைதான்.

வெளியே வந்து கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 8

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை. இந்தப் பக்கம் மாமியார், தன் தங்கையிடம்: "அந்த வேலை வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். லேப்ல இருந்து அள்ளிக்கிட்டு வந்துட்டா."

அவர் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். அழுக்கு இருந்தாலாவது பரவாயில்லை.

ஜூன் 11

இன்று என்னால் பொறுக்க முடியவில்லை. சிஸ்டர் எதுவும் கேட்கவே இல்லை என்று தலைமை மருத்துவரிடம் புகார் கொடுத்திருக்கிறார் இந்த மனுஷன்! அவள் கண் வீங்கிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "உங்ககிட்ட கேட்டிருக்கணும்க்கா, அவர்கிட்ட கேட்டதுதான் என் தப்பு" என்றாள்.

நேரே அந்த அறைக்குப் போனேன். அவர், மாமியார், தலைமை மருத்துவர். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"சிஸ்டர் கேட்டாங்க டாக்டர். இவர்தான் எல்லாம் நார்மல்னு சொன்னார். பரிசோதனை முடிவு இவருக்கு முன்னாடியே தெரியும். பிறந்த அன்னைக்கே என்கிட்ட ஒத்துக்கிட்டார்."

அவர் தரையைப் பார்த்தார். மாமியார் அவரைப் பார்த்தார்.

"ஏண்டா சொல்லல?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்கம்மா."

"நான் இருந்தா என்னடா? புள்ளைக்கு ஊசி போட வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. இவ்வளவுக்கும் இவர் பயந்தது இந்த அம்மாவுக்கு. அந்த அம்மாவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நானும் என்னென்னவோ பேசிட்டேனே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். மாமியார்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. இந்த மனுஷன்மேல் அதுகூட வரவில்லை.

ஜூன் 25

கிருமி போய்விட்டதென்று பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஜூலை 19

சிடுமூஞ்சி வந்தார். பிள்ளையை உற்றுப் பார்த்து, "உன்ன மாதிரியே முறைக்கிறான்" என்றார். அந்த அட்டைப்பெட்டி இன்னும் நாற்காலிக்குக் கீழேதான் இருக்கிறதாம்.

செப்டம்பர் 10

காது பரிசோதனை. மூளைச் சவ்வு வரை போனால் செய்தே ஆக வேண்டுமாம். வலது காது கேட்கிறது. இடது காது கேட்கவே இல்லை.

ஒரு காதில் கேட்காது என்று அவருக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லாமல் மறைக்க நான் அவரில்லை. "ஒரு காதுதானே" என்றார்.

எந்தக் காது என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 14

அவர் வந்தார், தனியாக. பிள்ளை வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். நல்ல காது தலையணையில் அழுந்தியிருந்தது. அவர் கட்டிலருகே மண்டி போட்டு, மேலே தெரிந்த காதில் வாயை வைத்துப் பேசினார். நானும் அக்காவும் வாசற்படியில் நின்றோம்.

"அப்பா தப்புப் பண்ணிட்டேன்டா. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... மன்னிச்சுடுடா கண்ணா."

வெகுநேரம் பேசினார். இந்த மனுஷன் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டே இருந்தான். அக்கா என் முழங்கையைத் தொட்டாள். நான் அசையவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் என்னிடம் கேட்டார்: "அவனுக்குக் கேட்டிருக்கும்ல? அந்தக் காது நல்லாதானே இருக்கு?"

"எல்லாம் நார்மல்" என்றேன்.

அக்கா பக்கத்தில் இருந்தாள்.