அட்டையில் நான் எழுதிய வயது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. உன்மேல் கொள்ளைக் கோபத்தில் இருக்கிறேன், ஆனாலும் நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. போனில் பேசினால் "சரிம்மா சரிம்மா" என்று நழுவிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் மாமாவின் பெரிய மகள், நம் வாயாடி, போன செவ்வாய்க்கிழமை நான் பதிவெழுதும் பிரசவ ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவள் வலிப்பு வந்து விழுந்தாள். எட்டாம் மாதம்கூட நிறையவில்லை. ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறுகிறது. அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது, உடம்பில் ரத்தமே இல்லை, எழுந்து உட்காரத் தெம்பில்லை. டாக்டரம்மா அவளுடைய கர்ப்பிணி அட்டையை என் மேசையில் போட்டு, "பத்தொன்பதுன்னு எழுதியிருக்கீங்க, பதினாறுன்னு தெரிஞ்சிருந்தா வாரா வாரம் வரவெச்சுப் பார்த்திருப்பேனே, அதுக்கே இன்னும் உடம்பு வளரணும், இன்னொரு உயிரை எப்படித் தாங்கும்" என்று கேட்டார். எழுதியது என் கை. ஊரார் வயதையெல்லாம் சான்றிதழ் பார்க்காமல் எழுதாதவள், அண்ணன் மகள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். "சின்ன வயசுல கட்டிக்கொடுத்தது வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்று அண்ணன் கெஞ்சினார், நீயும் போனில் "ஒரு நம்பர்தானேம்மா, எழுதிடு" என்றாய். அந்த மானத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடு.

நடந்ததைப் பெரிய டாக்டரிடம் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், வேலை போனால் போகட்டும். அதிலிருந்து அண்ணி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணன் எல்லாம் தலையெழுத்து என்கிறார், இல்லை, என் கையெழுத்து என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் பிறகு நேற்று அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, தன் சின்னவளை உனக்குக் கட்டிவைக்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். உன்னிடம் பேசியாயிற்றாம், நீ "அம்மா சொன்னா சரி" என்றாயாம். அவளுக்குப் பதினைந்துடா, உனக்கு வெட்கமாக இல்லையா? நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், அவர் காதில் ஏறவில்லை. நீ என் முந்தானைக்குப் பின்னால் ஒளியாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மாமாவைக் கூப்பிட்டு உன் வாயாலேயே மாட்டேன் என்று சொல். அவள் பள்ளிக்கூடம் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை நனையாதே. நீண்ட ஆயுசோடு இரு, அதைவிட நல்ல புத்தியோடு இரு. ஒன்று மட்டும் மறக்காமல் மாமாவிடம் சொல். இன்று காலை பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, பாப்பா செத்துப்போச்சுன்னா நான் உடனே இன்னொண்ணு பெத்துக்கணுமா" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா