நாம் தப்பாக எழுதிய கட்டுரை

ஈஜோக் சாலையில் கார்க் கண்ணாடியை இறக்கியதும் செம்பனை எண்ணெய் ஆலையின் வாடை முகத்தில் அடித்தது. பின் இருக்கையில் என் மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் நினைவு வந்தது. இந்த வாடைக்கு மூக்கைப் பொத்தாத ஒரே பொருளியல் நிபுணர் நீதான். நீ இறந்துபோய் ஓராண்டு ஆகிறது.

நாம் இருவரும் இளம் விரிவுரையாளர்களாக இருந்தபோது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓர் ஆய்வு செய்தோம். பெண்களிடம் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டோம். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். அப்படியே எழுதினோம். கட்டுரைக்கு நல்ல பெயர். அதைப் படித்துவிட்டுத்தான் அரசாங்கச் சேமிப்பு நிறுவனம் ஒன்று உன்னை அழைத்துக்கொண்டது. நான் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் பதவிக்குக் காத்திருந்தேன்.

அங்கே நீ தோட்டத் தொழிலாளர்களுக்காக ஓர் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் வரைந்தாய். நம் கட்டுரையை நம்பி, ஆண்களுக்கு மட்டும். கையெழுத்தாகும் முன் ஒருமுறை ஆட்களைப் பார்த்துவிடலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஈஜோக் வந்தாய். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு வாசலில் ஓர் அக்கா உள்ளங்கையில் ஊசியை வைத்து எதையோ நெம்பிக்கொண்டிருந்தார்.

“வேலைக்குப் போறீங்களாக்கா?” என்று கேட்டாய்.

“இல்லம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

“கையில என்ன?”

“முள்ளு லா. காலையில அவரு குலை வெட்டுனாரு, நான் உதிரிப் பழம் பொறுக்குனேன்.”

“அது வேலை இல்லையா?”

“அது அவரு வேலைதானேம்மா!”

அடுத்தடுத்த வீடுகளில் நீ கேள்வியை மாற்றினாய். “நேத்து காலையில என்ன செஞ்சீங்க?” அத்தனை பெண்களும் செம்பனை மரத்தடியில்தான் இருந்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில், “சின்னதா ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கலாம்டி, என் பதவி உயர்வு நேரம்” என்று கெஞ்சினேன்.

“தப்பு பண்ணது நாம. நட்டம் அவங்களுக்கா?” என்றாய்.

மறுவாரம் இயக்குநர்கள் முன் நின்று, “கட்டுரை தவறு, எழுதியவர்களில் நானும் ஒருத்தி” என்று சொல்லிவிட்டாய். பல்கலைக்கழகத்துக்கும் எழுதினாய். திட்டத்தில் பெண்களும் சேர்ந்தார்கள். என் பதவி உயர்வு தள்ளிப்போனது.

உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். மூன்று மாதம் உன் அழைப்பை எடுக்கவில்லை. கடைசியில் நீயே என் அறைக்கு வந்து, “தீர்ந்துச்சா, இல்ல இன்னொரு மாசம் ஆகுமா?” என்றாய். சிரித்துவிட்டேன். ஆனால் நீ செய்ததுதான் சரி என்று ஒருமுறைகூட உன்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது நான் பேராசிரியர்தான். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு முதல் பாடமாக அந்தக் கட்டுரையைக் கொடுத்து, தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். பிறகு இங்கே அழைத்து வந்து பெண்களோடு பேச விடுகிறேன். இன்று லயத்திலிருந்து திரும்பிய மாணவி ஒருத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இவ்ளோ பெரிய தப்பு! யாரு ப்ரோஃப் இதை எழுதுனது?”

முதல் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். நம் இருவர் பெயரையும் நான் மறைப்பதே இல்லை.