பத்தாவது ஆள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம்; இரண்டு நாளாக ஒரே உதை. உங்கள் போனை வீட்டில் ஆளாளுக்கு எடுத்துப் பார்ப்பார்கள் என்பதால், மாடி வீட்டு டீச்சர் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

என்னை வேலையை விட்டு நிறுத்திய அன்று நீங்கள் பல் லேபில் இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது நம் முதலாளி, பாசமாகத்தான் பேசினார். "பல் செட்டுக்கு ஊத்துற மருந்து வாடை வயித்துப் பிள்ளைக்கு ஆகாதும்மா. உன் நல்லதுக்குத்தான், வீட்ல இரு."

"அப்போ அக்கா கூட மெழுகுல பல்லு அடுக்குற வேலைக்கு உட்கார்றேன் சார். அதுல வாடை கிடையாதே."

"சின்ன லேப்மா. உனக்காக ஆளை மாத்திக்கிட்டிருக்க முடியுமா?"

மறுநாள் என் ஸ்டூலில் புதிதாக ஒரு பெண்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தேன். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடமென்றால் கர்ப்பிணியை நீக்கக் கூடாதாம். பிரசவத்துக்குப் பிறகு திரும்ப எடுத்தாக வேண்டுமாம். ஒன்பது என்றால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். பதிவேட்டில் என்னையும் சேர்த்து ஒன்பது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தாவது ஆள் நீங்கள்.

மனு கொடுத்திருக்கிறேன்; பதினெட்டாம் தேதி அதிகாரி விசாரிக்க வருகிறார். இங்கே வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டால், ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். கால் முறிந்து கிடக்கும் என் வீட்டுக்காரரால் இன்னும் காலை ஊன்ற முடியவில்லை. இந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை அக்கா.

உங்கள் அன்புத் தங்கை

ஜூன் 9

என் கண்ணுக்கு,

வாயும் வயிறுமாக இருப்பவள் இப்படியா அலைவாய்? வீங்கின காலை இரண்டையும் உயர்த்தி வைத்துப் படு. உங்கள் வீட்டில் இப்போது நாலு காலில் ஒன்றுதான் உருப்படி போலிருக்கிறது.

பதினோரு வருஷமாக முன்பல் வரிசை எல்லாம் என் கைதான். ஊரில் பாதிப் பேர் நான் கட்டிய பல்லால் சிரிக்கிறார்கள். ஆனாலும் யாராவது கேட்டால், "அவ சும்மா ஒத்தாசைக்கு வர்றா" என்பார்கள் வீட்டில். நீ எண்ணிச் சொல்லும்வரை அது எனக்கு உறைத்ததே இல்லை.

சொல்கிறேன். நிம்மதியாகத் தூங்கு.

அக்கா

ஜூன் 19

என் கண்ணுக்கு,

எழுதக் கை வரவில்லை.

அதிகாரி வந்தபோது மெழுகுக் கத்தியோடுதான் உட்கார்ந்திருந்தேன். இவர் அண்ணன் முந்திக்கொண்டார். "எங்க வீட்டுப் பொண்ணு சார். சாப்பாடு கொண்டாந்தா."

"நீங்க சொல்லுங்கம்மா" என்று அதிகாரி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா சார், சாப்பாடு கொண்டாந்தேன்" என்றேன். விரலிடுக்கெல்லாம் மெழுகு. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வீட்டை விட்டால் நான் எங்கே போவேன், சொல்? புதுப் பெண்ணும் வாடை தாங்காமல் நின்றுவிட்டாள். காலை எட்டு மணியிலிருந்து என் வேலையையும் உன் வேலையையும் நானே செய்கிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

ஜூலை 3

அக்கா,

ஒன்பது பேர்தான் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். உங்களைத் திட்டத் தோன்றவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சாப்பாடு என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மேல்முறையீடு செய்யப் போனேன். புதிதாக ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். கைப்பையில் உங்கள் கடிதங்கள் இருந்தன. பதினோரு வருஷம், காலை எட்டு மணி, என் வேலை, உன் வேலை, எல்லாம் உங்கள் கையெழுத்தில். வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய் இரண்டையும் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

மேசையில் இருந்த அதிகாரி அம்மா படித்துவிட்டு, "இவங்க உனக்கு என்ன உறவு?" என்றார்.

"உறவு இல்லீங்க. கூட வேலை பார்த்தவங்க" என்றேன்.

திங்கட்கிழமை லேபுக்கு நோட்டீஸ் வரும். முதலாளிக்கு ஒன்று, உங்கள் பெயருக்கு ஒன்று. அவர்கள் பிரிக்கும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதற்குப் பதில் போடாதீர்கள். போட்டால் அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.