பல் வெட்டாத சாவி

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து மூன்றாம் நாள். இடது பாதத்தில் நான்கு எலும்பு முறிவு, இரண்டு கம்பி. இருபத்தெட்டு வருடமாகப் பூட்டுத் திறந்தே பிழைத்தவன், கடைசியில் ஓர் இரும்புப் பெட்டியின் கதவைக் காலில் போட்டுக்கொண்டேன். கீல் இற்றுப்போயிருந்ததைக் கவனிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்தான் இருந்தது. ஒரு விசித்திரம்: கதவு விழுந்த முதல் பத்து நிமிடம் வலியே இல்லை. நொண்டிக்கொண்டு போய் உள்ளே எட்டிக்கூடப் பார்த்தேன். ஏன் வலிக்கவில்லை?

இப்போது பத்து நிமிடத்துக்கும் சேர்த்து வட்டியோடு வலிக்கிறது. கோடீன் மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. அபினி வகை என்றார் டாக்டர். அபினி என்றதும் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மார்ச் 4

மாத்திரை வலிக்குக் கேட்கவில்லை. தலைசுற்றல் மட்டும் தாராளம்.

மார்ச் 5

அக்கா வந்தாள். போன வருடம் பித்தப்பை ஆபரேஷனில் அவளுக்கும் இதே மாத்திரைதான்.

"முக்கா மணி நேரத்துல நான் குழந்த மாதிரி தூங்கிட்டேன்டா. உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே எல்லாம் கொஞ்சம் கூடுதல்தான்."

மனைவி தலையாட்டினாள். நாத்தனாரும் இவளும் ஒத்துப்போவது வருடத்துக்கு ஒரு தடவை. அது என் கால் விஷயத்திலா நடக்க வேண்டும்?

மார்ச் 6

வலிக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை மார்க் போடச் சொல்லியிருக்கிறார்கள். பத்து என்றால் எது? யாருடைய பத்து? நான் ஏழுக்கு மேல் போடுவதில்லை. பத்தை எதற்காவது வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று ஒரு சோதனை செய்தேன். காலையில் மாத்திரை போட்டு அரை மணிக்கு ஒரு தடவை தனி நோட்டில் மார்க் எழுதினேன். மதியம் போடாமல் விட்டு அதே மாதிரி எழுதினேன். இரண்டு வரிசையும் ஒன்றுதான். ஏழு, ஏழு, ஆறு, ஏழு.

சாவி சேரவில்லை என்றால் பூட்டுக்காரன் பூட்டைத் திட்ட மாட்டான், சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். நானும் ஒரு மாத்திரையைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக, உருண்டையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

மார்ச் 7

டாக்டரிடம் போனோம். வேறு மாத்திரை வேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"இதவிட ஸ்ட்ராங்கா கேக்குறவங்ககிட்ட நாங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

என்னைப் போதைக்காரன் என்கிறார். கோபத்தில் நோட்டைக் காட்டவே மறந்துவிட்டேன். இனி நான் என்ன சொன்னாலும் அது நடிப்பு! வலியைவிட அதுதான் குடைகிறது.

திரும்பும்போது மனைவி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் கேக்குற மாத்திரை உங்களுக்கு மட்டும் கேக்காதா?"

இந்த வார்த்தையை இதே மாதிரி எங்கோ கேட்டிருக்கிறேன். யார் சொன்னது? வீடு வரும்வரை யோசித்தேன், பிடிபடவில்லை.

மார்ச் 10

ஊன்றுகோலோடு மருந்துக்கடைக்குப் போனேன். அதை நடத்தும் பெண் மருந்தியல் படித்தவள். அவள் கடை ஷட்டர் சாவி நான் வெட்டியது. நோட்டை நீட்டினேன். எதிரே இரண்டு பேரைக் காக்கவைத்துவிட்டு முழுதும் படித்தாள்.

"மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் பூட்டு மாதிரி சின்னச் சின்ன இடம் இருக்குண்ணே. அபினியில இருக்குற மார்ஃபின் அதுல போய் உக்காந்தா, வலிங்கற செய்தி மேல போறது குறையும்."

"அந்தப் பூட்ட யாரும்மா வச்சது? அபினி எடுக்குற கசகசாச் செடிக்காகவா நம்ம உடம்புல பூட்டு?"

சிரித்தாள். "உடம்பே அதுக்குன்னு சொந்தமா ஒன்னு செஞ்சுக்குது. அடிபட்ட உடனே நிறைய செய்யும்."

அந்தப் பத்து நிமிடம்! அப்படியென்றால் உடம்பிடம் இருப்பது அசல் சாவி, செடியிடம் இருப்பது கள்ளச்சாவி. ஐம்பத்திரண்டு வயதில் என் தொழிலில் புதுப்பாடம்.

"ஆனா கோடீன் அப்படியே வேலை செய்யாது. கல்லீரல்தான் அதுல கொஞ்சத்த மார்ஃபினா மாத்தணும். சில பேருக்கு மாத்துற சத்து பிறவியிலேயே இருக்காது. தலைசுத்தல் வரும், வயிறு கட்டும், வலி மட்டும் அப்படியே இருக்கும்."

"அப்ப கோடீன் பல் வெட்டாத சாவி. ஈரல்தான் வெட்டுற மெஷின்."

"நீங்க சொல்றது இன்னும் நல்லாருக்கு."

சில பேருக்கு அந்த மெஷின் தறிகெட்டு ஓடுமாம். சாதாரண அளவுக்கே மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குத் தரவே கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். என் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டாள்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். ஊருக்கே சாவி வெட்டுகிறவன் ஈரலில் மெஷின் இல்லை.

மார்ச் 11

டாக்டர் நோட்டைப் பார்த்தார். மதியம் போடாமல் விட்ட வரிசையில் விரல் வைத்து நின்றார். "இத அன்னைக்கே காட்டியிருக்கலாமே" என்றார். மன்னிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். கோடீனை நிறுத்திவிட்டு மார்ஃபின், குறைந்த அளவு, கொஞ்ச நாளைக்கு. மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது, அதிகமாக அசந்து தூங்கினால் உடனே கூப்பிட வேண்டும். "பூட்டி வைங்க" என்றார். என்னிடம் சொல்கிறார்.

மார்ச் 12

காலை எட்டு மணிக்குப் போட்டேன். ஒன்பது மணிக்கு வலி மூன்று.

வலி போகவில்லை. பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. இருப்பது தெரிகிறது, என்னைக் கூப்பிடவில்லை. இப்படியும் ஒன்று உண்டா?

அழுதுவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை என்று ஆனதே, அதற்காக.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இத்தன நாளும் நெஜமாவே வலிச்சுதா?" என்றாள். பிறகு நோட்டை வாங்கிக்கொண்டாள். இனி மார்க் அவள் கேட்டு எழுதுவாளாம்.

மார்ச் 13

மாத்திரையைப் பூட்டிவைக்க, பரண் மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தாள். அம்மாவின் மருந்துப்பெட்டி.

மார்ச் 14

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு முதுகெலும்பு நொறுங்கியது. கடைசி நான்கு மாதம் என் வீட்டில்தான் இருந்தாள். இதே கோடீன். மூன்று மணி நேரத்துக்கே அடுத்ததைக் கேட்பாள். "கேக்கலடா" என்பாள். பழகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். பெட்டிக்கு நானே பூட்டுப் போட்டேன். நான் செய்ததிலேயே நல்ல பூட்டு. ஒரே சாவி, அது என் சட்டைப்பையில்.

"ஊருக்கெல்லாம் கேக்குற மாத்திரை உனக்கு மட்டும் கேக்காதாம்மா?"

நான்தான் சொன்னது. நானேதான்.

சாவித் துவாரத்தைச் சுற்றிக் கீறல்கள். அம்மாவின் கொண்டை ஊசி. அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய் வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். எந்த ஊசிக்கும் மசியாது பாருங்க, இதான் நம்ம வேலை.

பாவி. நான் பாவி.

மார்ச் 15

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வலி மூன்று.

மார்ச் 21

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. எனக்கு மெஷின் இல்லை, உறுதி. அதற்கான மரபணுக் குறிப்பு அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று வருமாம். எனக்கு இரண்டும் வேலை செய்யாதவை. அக்காவுக்கு ஒன்றாவது நல்லதாக வாய்த்திருக்கும்.

மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன், அம்மாவுக்கும் அப்படித்தானா என்று.

"அவங்களப் பாக்காம உறுதியா சொல்ல முடியாதுண்ணே. ஆனா ஒன்னு அவங்ககிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. ரெண்டுமே அப்படி இருந்திருக்கலாம்."

அப்படியானால் அம்மா அந்தப் பூட்டைத் திறந்திருந்தாலும் உள்ளே இருந்தது பல் வெட்டாத வெறும் தகடுதான். இதில் எனக்கு ஆறுதல் உண்டா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இல்லை. அவளுக்கும் மார்ஃபின் என்று வேறு சாவி இருந்தது. அவள் கேட்டாள், நான் விசாரிக்கவில்லை. எனக்கென்றதும் ஒரு வாரத்துக்குள் சோதனை செய்தேனே, நோட்டுப் போட்டு?

மார்ச் 27

மார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நேற்றோடு நிறுத்தியாயிற்று. மிச்ச நான்கு மாத்திரையை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். கால் ஊன்ற முடிகிறது. திங்கட்கிழமை கடை திறப்பேன்.

மாலையில் அக்கா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை மடியில் வைத்துக் கீறல்களைத் தடவிக்கொண்டே கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அம்மா இதப் பத்தி என்கிட்ட ஒரு நாள் சொன்னா" என்றாள். "உன் தம்பி போட்ட பூட்டு நல்ல பூட்டுடி, என்ன பண்ணியும் தெறக்க மாட்டேங்குதுன்னு. பெருமையாத்தான்டா சொன்னா."

அக்கா போன பிறகு மனைவி நோட்டோடு வந்தாள். "இன்னைக்கு எத்தன?"

"பத்து" என்றேன்.

எங்கே என்று கேட்காமல் எழுதிக்கொண்டாள்.