ஐந்தாவது போத்தல்

மருத்துவமனை வராந்தா,
கோத்தா பாரு.
3 மார்ச் 2009

செமாயில் பின் காதிர் அவர்களுக்கு,

சலாம். உங்களோடு பேசுவதில்லை என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் சத்தியம் செய்தேன். எழுதுவதில்லை என்று செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகன் ரஸ்லானுக்கு ஆண் குழந்தை. பத்து வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். எடை ஆயிரத்து நூறு கிராம்; போட்டிப் புறாவின் கூண்டே அதைவிடக் கனம். மருமகள் இரத்தக் கொதிப்பில் நினைவில்லாமல் கிடக்கிறாள். பால் இல்லை. டின் பால் கொடுத்தார்கள். வயிறு உப்பிவிட்டது, நிறுத்திவிட்டார்கள்.

"இவ்ளோ சின்னக் குடலுக்கு டின் பால் ஆபத்து, தாத்தா. குடலே கெட்டுப்போகலாம். தாய்ப்பாலா இருந்தா அந்த பயம் ரொம்பக் குறையும், வேற தாயோடதா இருந்தாலும் சரி" என்றாள் டாக்டர்.

உங்கள் மகள் அதீலா பெண் பெற்று நாற்பது நாளாகிறது, பால் மிஞ்சுகிறது என்று தெரிந்து, ரஸ்லான் என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டிருக்கிறான். அவளுக்கு இரத்தப் பரிசோதனையும் முடிந்துவிட்டதாம். சரி.

ஆனால் ஒன்று. ஐந்து முறை குடித்தால்தான் பால் உறவு உண்டாகும். யாரும் சொல்லித் தரவில்லை, மார்க்கக் கிதாபில் நானே படித்தேன். ஐந்தாம் முறையோடு உங்கள் பேத்தி என் பேரனுக்கு அக்காள், நீங்கள் அவனுக்குத் தாத்தா. அப்புறம் பெருநாள்தோறும் நான் உங்கள் வீட்டுப் படி ஏற வேண்டும். புறாக்களின் பாட்டுப் போட்டியில் நடுவராக உட்கார்ந்து என் புறாவுக்கு அரை மதிப்பெண் குறைத்தவர் வீட்டில் நான் கால் வைக்க மாட்டேன்.

ஆகவே வேளைக்கு ஒன்றாக நான்கு சிறு போத்தல் மட்டும் அனுப்பவும். அதற்குள் மருமகளுக்குப் பால் வந்துவிடும்.

டெராமான் பின் யூசோ


கம்போங்
3 மார்ச், மாலை

அன்புள்ள டெராமான்,

உன் கடிதத்தை அதீலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. "பசிக்கிற வயித்துக்கு எண்ணத் தெரியுமாப்பா? டெராமான் மாமாகிட்ட கேட்டு எழுதுங்க" என்கிறாள்.

ஐஸ் பெட்டியில் நீ கேட்ட நான்கு போத்தல் இருக்கின்றன. சிவப்பு ரப்பர் வளையம் போட்ட ஐந்தாவதை அவளாக வைத்தாள். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு. அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். நான் நினைப்பேன்.

இன்னொன்று. அன்று மூன்றாம் சுற்றில் உன் புறா வாயே திறக்கவில்லை. கூண்டு தொங்கிய கம்பத்தின் கீழே நின்று கத்தியது நீதான்.

உன் செமாயில்


மருத்துவமனை வராந்தா
4 மார்ச், மாலை ஐந்து மணி

செமாயில்,

மூன்றாம் சுற்றில் என் புறா இரண்டு முறை பாடியது. அது இருக்கட்டும்.

காலை ஆறு மணிக்கு முதல் போத்தல், மூக்குக் குழாய் வழியாக. தாதி அட்டையில் கோடு போடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறேன். "என்ன தாத்தா, போலீஸ் மாதிரி நிக்கிறீங்க?" என்கிறாள். மூன்று மணியோடு நான்கு ஆயிற்று. வயிறு உப்பவில்லை, அப்பம்போல் மெத்தென்று இருக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்து, "நல்லா ஏத்துக்கிட்டான்" என்றாள்.

மருமகளுக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் பிழிந்து பார்த்தாள். சொட்டுக்கூட வரவில்லை, அழுதாள். "அழாதம்மா, அதான் அதீலா பால் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஆறு மணிக்கு அடுத்த வேளை. சிவப்பு வளையம் பெட்டிக்குள் இருக்கிறது.

மணி ஆறேகால்.

"தாத்தா, கொடுக்கட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா?" என்று தாதி கேட்டாள். பையன் வெறும் வாயைச் சப்பிக்கொண்டு கிடந்தான். வளையத்தை நானே கழற்றினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, அதைத் தெரிந்துகொள்.

ஐந்தாகிவிட்டது. இனி எண்ணி என்ன பயன்? நாளைக்குப் பத்துப் போத்தல் அனுப்பு.

டெராமான்


கம்போங்
18 செப்டம்பர் 2009

அன்புள்ள செமாயில்,

பையன் ஆறு கிலோ. அவன் அம்மாவுக்குப் பால் ஊறும் வரை பதினோரு நாள் உன் மகள் பால்தான் அவனைக் காப்பாற்றியது. அதை அதீலாவிடம் நானே சொல்ல வேண்டும். நீ சொன்னால் எதையாவது குறைத்துச் சொல்வாய்.

பெருநாளன்று பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். நோன்பு மாதத்துக்கு முன்பே மூன்று நாள் பரிகார நோன்பிருந்து பழைய சத்தியத்தைக் கழித்துவிட்டேன். அதனால் மனம் மாறிவிட்டதாக நினைக்காதே, உன் தீர்ப்பு தப்புதான். அதை உன் படியேறி, உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வாயால் சொல்.

உன் டெராமான்